அம்மாள் வந்த சுருட்டுப் பெட்டி

தனியாக இருக்கும் மனிதனின் கையில் இணைய வசதியுள்ள கைபேசியைக் கொடுக்கவே கூடாது. வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால், விசர் யோசனை வாயிலிருந்து வெளியே வந்தவுடனேயே "சும்மா இருங்கோ" என்று அமுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படி யாருமில்லை. மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் சுகன்யா லண்டனில். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற நான், லிங்கநகர் வீட்டில் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டு காலம் தள்ளினேன். (அந்த மனுசன் ஒருநாளாவது என்னைச் சுகம் விசாரித்ததில்லை.)

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக மகளும் மருமகன் பிரவீனும் வருவதாகச் சொன்னார்கள். என்னோடு மூன்று நாள், மிச்சம் முழுக்கத் தெற்கே கடற்கரை ஹோட்டல். மூன்று நாள்! வீட்டுக்கு வெள்ளையடிக்கவே எனக்கு ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள் பிடித்தது.

"அவருக்குக் கியூபாச் சுருட்டெண்டால் உயிர், அப்பா. காயாமல் வைக்கிறதுக்கெண்டே ஒரு பெட்டி வைச்சிருக்கிறார்" என்றாள் சுகன்யா. என் அப்பா தன் சுருட்டைக் காதில் செருகிவைத்தார், அதற்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனாலும் எனக்குப் பொறி தட்டியது. அப்படியொரு பெட்டியை நான் செய்துவைத்தால்? அதற்குள் சுருட்டு மாதக்கணக்கில் கிடந்து பதப்பட வேண்டுமாம். சுருட்டு என் வீட்டில் கிடந்தால் சுருட்டுக்காரன் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்!

கிண்ணியாவிலிருந்து வந்து கதவு, நிலை செய்துதரும் நிஸ்தார் நானாவைப் பிடித்தேன். வெளிப்பெட்டிக்கு முதிரை மரம் என்று உடனே முடிவாயிற்று. சிக்கல் உட்பக்கத்தில்தான். உள்ளே ஒட்டும் பலகை ஈரத்தைக் குடித்து வைத்திருக்க வேண்டும், நல்ல மணமும் வேண்டும், பூச்சியும் அண்டக்கூடாது. மரம் விற்கும் மரக்காலையில் ஒவ்வொரு பலகையாக மூக்கை வைத்து முகர்ந்தேன். தேக்கு எண்ணெய் மணத்தது, பலா பலாப்பழத்தை நினைவூட்டிப் பசியைக் கிளப்பியது. தேவதாரு நல்லது என்று எங்கோ வாசித்துவிட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"எவ்வளவு வேணும்? ஆருக்குப் பிள்ளை பிறந்திருக்கு?" என்றார் கடைக்காரர், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கஷாயத்துக்கான சிராய்களைத் தராசில் போட்டபடி.

"பெட்டிக்கு" என்றேன். சாவீட்டுச் செய்தி கேட்டவர்போல் அவர் தராசை மெதுவாகக் கீழே வைத்தார்.

கடைசியில் கைபேசிதான் கைகொடுத்தது. இந்தப் பெட்டிக்கென்றே உள்ள மரம் 'ஸ்பானிய சீடர்' என்பதாம். ஆனால் அது ஸ்பெயின் மரமும் இல்லை, சீடர் என்னும் தேவதாருவும் இல்லை. வேம்பின் குடும்பமாம்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

"நானா, அந்த மரம் எங்கட வேம்புக்குச் சொந்தம்!"

"அப்ப வேம்பே போடுவம், சேர். சொந்தமெண்டா ஒரே குணம்தானே?"

ஓம் என்றேன். (எங்கள் சொந்தக்காரர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் இரண்டு பேருமே அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம்.) அப்போதுதான் அரிந்த பச்சை வேப்பம் பலகையை அளவாக வெட்டி ஒட்டினோம். மணந்து பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. மரத்தூளை முகர்ந்து முகர்ந்து எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது.

பிரவீன் பெட்டியைக் கண்டு நெகிழ்ந்துபோனான். "எனக்காகவா செய்தீங்கள், மாமா?" என்று கொண்டுவந்த சுருட்டு அத்தனையையும் அதற்குள் அடுக்கினான். மூன்றாம் நாள் மாலை, துறைமுகம் தெரியும் மாடியில் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்தோம். ஒன்றைப் பற்றவைத்தான். இரண்டாவது இழுப்பில் அவன் கண் கலங்கிவிட்டது.

"எப்படித் தம்பி?"

"நல்லா இருக்கு, மாமா. வித்தியாசமா இருக்கு."

"இன்னும் ஒரு கிழமை கிடந்தால் திறமாய் வரும். நிண்டிட்டுப் போங்கோவன்" என்றேன். அதைக் கேட்கத்தானே அத்தனை பாடும்!

அவன் பதில் சொல்வதற்குள், குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சுகன்யா ஓடிவந்தாள். "அப்பா! ஆருக்கு அம்மாள் வருத்தம்? வீடு முழுக்க வேப்பிலை கட்டின மாதிரி மணக்குது!" பெட்டியைத் திறந்து மூக்கை வைத்தவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். பிரவீன் புரைக்கேறும்வரை சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அவர்கள் பயணப் பெட்டி அடுக்கப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஹோட்டலுக்குப் போக வந்த வான் வண்டியில் ஏறும்போது பிரவீன், அம்மை கண்ட வீட்டில் சொல்வதுபோல, "சுருட்டு இங்கயே இருக்கட்டும், மாமா. அம்மாள் இறங்கினதும் சொல்லுங்கோ, வாறம்" என்றான்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அழைப்பு, சாப்பாடு, மருந்து என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடும். இப்போது பிரவீன் இடையில் பறித்துக்கொள்வான். "மாமா, அம்மாள் இறங்கீட்டாவா? தலைக்குத் தண்ணி எப்ப வார்க்கிறது?" லண்டனில் விருந்துக்கு விருந்து இந்தக் கதைதானாம். முகம் தெரியாத ஆட்களெல்லாம் என்னைச் சுகம் விசாரிக்கிறார்கள். நானும் தினமும் காலையில் பெட்டிக்குள் ஈரத்துக்கென்று வைத்த பஞ்சை நனைத்துவைக்கிறேன்.

போன மாதம் திறந்தபோது வேம்பு மணக்கவில்லை. தடிமனும் இல்லை, நன்றாகவே முகர்ந்து பார்த்தேன். பலகையின் பச்சை வாடை அடங்கி, நல்ல புகையிலை மணம் மட்டும் வந்தது. சந்தோசப்பட வேண்டியவன் பயந்துபோய்க் கதிரையில் உட்கார்ந்தேன். இறங்கிவிட்டது என்று சொன்னால் அவர்கள் வரவேண்டும். சொல்லியும் வராவிட்டால்?

பின்வளவுக்குப் போய் ஒரு கொத்து வேப்பிலை முறித்துவந்து சுருட்டின்மேல் பரப்பி மூடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரவீன் கேட்டான். "மாமா, அம்மாள் இறங்கீட்டாவா?"

"எங்க தம்பி, திரும்பவும் எல்லோ வந்திட்டா" என்றேன்.