அலமாரியில் பதினோரு பெடல்

அலமாரியின் மேல்தட்டிலிருந்து சரிந்த பச்சைப் பெட்டி நாத்தனாரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. பின்னாலேயே நீலப் பெட்டியும் வந்தது. மஞ்சளை மட்டும் அவர் கையால் பிடித்துவிட்டார்.

"என்னம்மா இது, இரும்புலயா செங்கல் செஞ்சு வச்சிருக்க?"

"கிடார் பெடல், அண்ணி. கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டிக் காலால அழுத்தினா சத்தம் மாறும். நீலம் எதிரொலி கொடுக்கும். மஞ்சள் சத்தத்தைத் தடியாக்கும். பச்சை சின்னப் பிசகை மழுப்பும்."

"மொத்தம் எத்தனை?"

"பதினொண்ணு."

நாத்தனாரின் வீடு அதே கட்டடத்தில் நாலாவது மாடி. அங்கே வண்ணம் அடித்து முடிக்கிற வரை, ஒரு மாதத்துக்குத் தம்பி வீட்டில் தங்க வந்திருந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டதாக யாரும் சொன்னதில்லை.

"என் துணிமணி வைக்க இடமில்ல. சும்மா கிடக்கிற சாமான்தானே. நாளைக்கே பழைய சாமான் கடையில போட்டுடலாம்."

"சும்மா கிடக்கல அண்ணி. தினமும் வாசிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுவாள். கிடாரிலும் அதே கண்டிப்பு. வாசிப்பாள், விரல் சரியில்லை என்று தோன்றும், ஒரு பெடல் வாங்குவாள். மறுபடி வாசிப்பாள், மறுபடி வாங்குவாள். பத்து பெடல் இப்படிச் சேர்ந்தது. பதினோராவதைக் கிடாரைக் கொடுத்து மாற்றிக்கொண்டாள். அது ஆகி மூன்று வருடம்.

"தினமுமா?" என்றான் கணவன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இயந்திரம் போடுகிற சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான். "என் காதுல விழுந்ததே இல்லையே."

"நீங்க வேலைக்குப் போனப்புறம் வாசிப்பேன்."

"நல்லதாப் போச்சு," என்றார் நாத்தனார். "சங்கத்து ஆண்டு விழாவுக்கு வர்றேன்னு சொன்ன மேஜிக்காரர் கையை விரிச்சுட்டார். அந்த இருபது நிமிஷம் உனக்குத்தான்."

"கிடார் ரிப்பேருக்குப் போயிருக்கு, அண்ணி."

அரை மணி நேரத்தில் நாத்தனார் ஒரு கிடாரோடு திரும்பி வந்தார். "ரெண்டாவது மாடிப் பல் டாக்டரோடது. பொண்ணு வெளியூர்ல படிக்குது. இது சுவத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மரக் கிடார்தான், ஆனா வயர் மாட்டவும் ஓட்டை இருக்காம்."

"பெடலுக்கெல்லாம் வயர் இல்லையே."

மறுநாள் கணவன் ஒரு பை நிறைய வயர் வாங்கிவந்து கட்டிலில் கொட்டினான். "பதினோரு பெடலுக்குப் பன்னெண்டு வயர் வேணுமாம். கடைக்காரர் கணக்குப் போட்டுக் கொடுத்தார்." நல்ல காரியம் செய்த திருப்தியில் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "மணிக்கட்டு சுளுக்கிருச்சு, அண்ணி."

நாத்தனார் மேலும் கீழும் பார்த்தார். தைலம் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை தேய்த்துவிட்டார். மறுநாள் காலை இரண்டு லிஃப்டிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'கை வலியையும் பொருட்படுத்தாது வாசிக்கிறார் நம் முதல் மாடிக் கிடார் கலைஞர். அனைவரும் வருக.'

அன்றிலிருந்து படியேறும்போதெல்லாம் யாராவது கையைப் பற்றி விசாரித்தார்கள். இனி காலை ஒடித்துக்கொண்டால்கூட நாற்காலியோடு தூக்கிப்போய் மேடையில் வைத்துவிடுவார்கள் என்பது புரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பெடலையும் தரையில் பரப்பி வரிசையாக மாட்டினார்கள். கட்டிலடியில் கிடந்த பழைய ஸ்பீக்கரைப் போட்டதும் மாவு மில் போல இரைந்தது.

"எர்த் சரியில்ல," என்று கணவன் எங்கிருந்தோ ஒரு கம்பியை இழுத்துவந்து கட்டினான். இரைச்சல் குறைந்தது. குறைந்த இடத்தில் எங்கிருந்தோ ரேடியோ நிலையம் புகுந்து, ஓர் ஆண்குரல் வானிலை அறிக்கை வாசித்தது. நாத்தனார் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சாயங்காலம் மழையாம்," என்று கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனார்.

கணவன் இன்னொரு கம்பி கட்டினான். இப்போது வானிலையோடு சேர்ந்து இரைச்சலும் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, குழந்தை தூங்குகிறது என்றார். செயலாளர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார்: விழா நாள் வரை பெடல் கூடாது.

ஆகவே அவள் தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் வெறும் கிடாரில் வாசித்தாள். என்றோ அவளே கட்டிய ஒரே ஒரு மெட்டு. முதல் வாரம் விரல்நுனி கன்றிப்போனது. இரண்டாவது வாரம் தோல் உரிந்தது. மூன்றாவது வாரம் வலி போய்விட்டது, சந்தேகம் போகவில்லை. ஒவ்வொரு பிசகும் தனியாகக் காதில் விழுந்தது. விழா அன்று பெடல்கள் பார்த்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

விழா நாள் காலையில் கணவனிடம் உடைத்துவிட்டாள். "நான் அண்ணிகிட்ட சொன்ன மாதிரி தினமும் எல்லாம் வாசிக்கல. அந்தக் கிடாரை மூணு வருஷத்துக்கு முன்னாடியே கொடுத்துட்டேன்."

"தெரியும். அது நின்ன மூலையில மூணு வருஷமா இஸ்திரிப் பலகைதானே நிக்குது."

"அப்புறம் ஏன் அண்ணிகிட்ட சொல்லல?"

"வாசிக்கிறேன்னு சொன்னப்ப உன் முகம் நல்லா இருந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரல."

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள். கணவன் ஒரு பலகையில் திருகாணி போட்டு வைத்திருந்த பதினோரு பெடலிலும் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. வாயில் டார்ச்சைக் கவ்வியபடி மைக்செட்காரர் வயர்களை மாட்டினார். கிடாருக்கு முன்னால் ஒரு மைக்கையும் நிறுத்திவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அவள் உட்கார்ந்தாள். நீலத்தை அழுத்திவிட்டு முதல் கம்பியைத் தட்டினாள்.

சத்தம் தூண்களுக்கு நடுவே புகுந்து, கடைசிச் சுவர் வரை போய், மெதுவாகத் திரும்பி வந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்காகத்தானே வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டாள். மெட்டு ஏறுகிற இடத்தில் மஞ்சளை மிதித்து, கையையும் ஓங்கி மீட்டினாள். சத்தம் தடித்து எழுந்தது. நடுவில் ஒரு விரல் தடுமாறியது. பச்சையை மிதித்து மேலே போனாள், யாரும் கவனிக்கவில்லை. பின்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எப்போது உட்கார்ந்தார்கள் என்று தெரியவில்லை. காவலாளி வாசலை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்.

முடித்ததும் கைதட்டல். முதலில் எழுந்து நின்றவர் நாத்தனார். "இன்னொரு தரம்," என்றார் செயலாளர் குரலில். அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு மெட்டுதான். அதையே முழுவதும் மறுபடி வாசித்தாள். இரண்டாவது தடவை கைதட்டல் இன்னும் நீண்டது.

பல் டாக்டர் தன் மருந்துச் சீட்டுப் புத்தகத்தில் பெடல்களின் பெயர்களை எழுதிக்கொண்டார். "இந்த நீலம் எங்க கிடைக்கும்? என் பொண்ணு வாசிச்சு இப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்ல." மூன்றாவது மாடிக்காரர் மஞ்சளைக் குனிந்து படம் பிடித்தார்.

நாத்தனார் அவள் தோளில் கை வைத்தார். "நான்தான் விவரம் புரியாமப் பேசிட்டேன். அந்த மேல்தட்டு இனிமே இதுங்களுக்குத்தான். என் துணி பெட்டியிலயே இருக்கட்டும்."

கணவன் பலகையைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டான். அவள் இத்தனை வருடத்தில் இல்லாதபடி நிமிர்ந்து நின்றாள்.

"என்கிட்ட என்ன இருக்கு, அண்ணி? எல்லாம் பெடலோட வேலை."

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக்செட்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பெடல் அக்கா? அந்த லைன்ல ஒரே இரைச்சல்னு நீங்க வந்து உட்காருறதுக்கு முன்னாடியே மூடிட்டேன், எல்லாரும் கேட்டது மைக்குக்கு முன்னால உங்க வெறும் கையைத்தான்."