மரியசெல்வம் கட்டிய சுண்டைக்காய் வைரம்

கரிக்குலத்து மணிமுடி வைரமே; அவ்வைரத்தைக் காரைக்கால் மண்ணில் கட்டி நிறுத்த வல்ல கரம் இஃதொன்றே என்று, 1978ஆம் ஆண்டு கல்லூரி வேதியியல் கண்காட்சியன்று, ஆய்வுக்கூடச் சுவர்கள் அதிர வலக்கை உயர்த்தி முழங்கினான் மரியசெல்வம்.

அவன் புகழ் பாடுவோம். பி.எஸ்சி. இரண்டாமாண்டின் ஆண்சிங்கம், அரும்புமீசைச் செம்மல், கிறிஸ்துமஸ்தோறும் தெருக்குடிலின் மேல் மூங்கில் சிலுவை கட்டித் தழும்பேறிய விரலோன். கோவில்பத்து வேலிச் சுண்டைச்செடிகளை மொட்டையடித்து அவன் கொணர்ந்த காய் ஒவ்வொன்றும் ஒரு கார்பன் அணு. வீட்டு விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு ஒவ்வொன்றும் ஒரு சகப்பிணைப்பு, அதாவது இரண்டு அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு நடத்தும் கூட்டுக்குடித்தனம்.

எதிர்மேசையில் வகுப்புத்தோழி அஞ்சுகம், காய்க்கு மூன்றே ஈர்க்கு செருகி, அறுகோணம் அறுகோணமாகத் தட்டையாய்ப் பின்னி, ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கை ஆய்வுக்கூட இரும்புத் தாங்கியிலிருந்து நூலில் தொங்கவிட்டுக் கிராஃபைட் செய்துகொண்டிருந்தாள். கண்டான் வீரன், நகைத்தான்.

"என்னங்க அஞ்சுகம், பாய் முடையிறீங்களா? மூணு கைக்காரனெல்லாம் கார்பனா? அடுக்கடுக்கா வழுக்கிக்கிட்டுப் போறவன். பென்சிலுக்குள்ள கெடக்கத்தான் லாயக்கு."

"முதல்ல உங்க வைரம் எந்திரிச்சு நிக்கட்டுங்க."

அப்போது பேராசிரியர் சோமசேகரனாரின் ஆணை வாசலில் இடியென இறங்கிற்று: "நாலு மணிக்கு வருவேன். மேசைய விட்டு எழும்பி நிக்கிற மாடலுக்குத்தான் பிராக்டிகல் மார்க். படுத்துக் கெடந்தா சைபர்."

மூண்டது போர். குத்தினான், கோத்தான், சாறு தெறித்து மார்பில் வீரத்திலகமிட, விதைகள் எதிரிப்படைபோல் சிதற, மதயானை கரும்புத் தோட்டம் புகுந்தாற்போல் காய்க்குவியலுள் புகுந்து, காய்க்கு நான்காய்க் கையளித்து, நான்கையும் நான்கு திசைக்கும் நீட்டி, அண்டைக் காய்களோடு பிணைத்து, பிணைத்ததைப் பிணைத்து, மூச்சிரைக்க நிமிர்ந்து நோக்கினான். கடைமடையில் பாய்ந்த காவிரிபோல் மேசை முழுதும் பரந்திருந்தது வைரம். ஒரு விரற்கடைகூட உயரவில்லை.

கருக்களாச்சேரி மணலில் காயப்போட்ட வலை இதனினும் சற்று மேடுபள்ளமாக இருக்கும்.

அஞ்சுகம் எட்டிப் பார்த்தாள். "மரியசெல்வம், காய்க்குக் காய் சிலுவை நட்டு வச்சிருக்கீங்க. ஒரு கை மேல பாக்கணும், மூணு கை முக்காலி மாதிரி கீழ விரியணுங்க."

"புஸ்தகத்துல இப்படித்தான் போட்டிருக்கு."

"தாள் தட்டையா இருந்தா படம் போட்டவங்கதான் என்ன பண்ணுவாங்க?"

சிலுவை பழகிய விரல்கள் செய்த வஞ்சனையை வீரன் உணர்ந்தான். உணர்ந்தும் தளரானாய், ஈர்க்குகளைப் பிடுங்கிப் புதுத்துளையிட்டுச் செருகினான். இருமுறை குத்துண்ட காய்கள் குடல் சரிந்து மாண்டன. மாடிப்படியில் பேராசிரியரின் செருப்பொலி, கூற்றுவன் வாகனத்தின் குளம்பொலியென, படிக்குப் படி நெருங்கிற்று. சைபர் என்னும் வட்டச்சக்கரம் வானில் சுழன்றது.

அஞ்சுகம் நூற்கண்டை அவன் பக்கமாக உருட்டிவிட்டாள். "மூணாவது அடுக்கு எனக்கு இன்னும் பாக்கி. ரெண்டு பேரு பேரையும் எழுதிக்கலாம்."

இமயம் சாயினும் சாயாத் தலை நிமிர்ந்தது. எட்டுத்திக்கும் நோக்கிற்று. வாசலையும் நோக்கிற்று.

மரியசெல்வம் கிழியாத காய்களாகப் பார்த்துப் பொறுக்கி, காய்க்கு மூன்று ஈர்க்கு செருக ஆரம்பித்தான்.