பத்து வால் உயரத்தில் ஒரு கூடு

ஒரு காட்டில், ஏரிப் பக்கம் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் தூக்கணாங்குருவி ஒன்று கூடு கட்டியது. கூடு கரைமட்டத்திலிருந்து பத்து வால் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தக் காட்டுச் சட்டம். தாழ்ந்தால் வெள்ளம் கொண்டுபோகும். உயர்ந்தால் அது பருந்துகளுக்கு ஒதுக்கிய இடம். வால் என்பது அளவை அதிகாரியான அரணையின் வால்.

குருவி அந்த வாலின் நீளத்துக்கு ஒரு நாணலை நறுக்கிவைத்து, பத்து முறை அளந்தே கட்டியிருந்தது. உள்ளே நான்கு முட்டைகள். ஆனால் அரணை பார்வையிட வருவதற்கு முதல்நாள் அதன் வாலில் பாதி போயிற்று. கவ்வியது காகம் என்பாரும் உண்டு, கீரி என்பாரும் உண்டு. வால் போனதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.

அரணை வாலை வைத்து வைத்து மரமேறியது. "இருபது வால். பாதிக்கு இறக்கிக் கட்டு. இருபது நாள் கெடு. தவறினால் கூட்டை அறுத்துவிடுவோம்."

பாதி உயரத்துக்கு ஏரி ஆண்டுதோறும் ஏறும். குருவி நாணலை எடுத்து நீட்டியது.

"ஐயா, தங்கள் வால் பாதிதான் இருக்கிறது. இதோ நாணல், வைத்துப் பாருங்கள்."

"நாணல் எப்போது அதிகாரி ஆயிற்று? என் வாலை என் வாலால் அளந்துவிட்டேன். சரியாக ஒரு வால் இருக்கிறது."

குருவி கூட்டுக்குத் திரும்பிப் பெட்டையிடம் நடந்ததைச் சொன்னது. "மேலே மனுப் போடப் போறேன்."

"போடுங்க. அதையும் அவர்தான் வந்து அளப்பார். அறுந்த வால் வளருமா?"

"நல்லாத் தின்னா சீக்கிரம் வளரும்."

"அப்புறம் ஏன் இங்கே நிக்கிறீங்க?"

அன்று முதல் குருவி வேளை தவறாமல் வெட்டுக்கிளி பிடித்துக் கொண்டுபோய் வைத்தது. அரணைக்கு மறதி அதிகம். யார் வைக்கிறார், எதற்கு வைக்கிறார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அது தின்றுவிட்டு உறங்கும்போதெல்லாம் குருவி நாணலை வாலருகே வைத்துப் பார்த்து வந்தது. முட்டைகள் பொரிந்தன. இருபதாம் நாள் காலை வாலும் நாணலும் ஒன்றாயின.

குருவியின் அலகில் இன்னொரு வெட்டுக்கிளி இருந்தது.

"போதும்," என்றது பெட்டை. "இதையும் போட்டா ஒன்பதே முக்கால் ஆயிடும்."

குருவி அதைத் தானே தின்றது.

அரணை அளந்தது. "பத்து வால். இதைப் போய் இருபது என்று எழுதிய மடையன் யார்?"

"முன்பிருந்த அதிகாரி, ஐயா."

"அப்படித்தான் இருக்கும்," என்று சான்றிதழ் தந்து இறங்கியது.

அந்த வாரமே மழை கொட்டி, ஏரி ஒன்பதாம் வால்வரை ஏறியது. நான்கு குஞ்சுகளும் கூட்டிலிருந்து அலகை நீட்டி வேடிக்கை பார்த்தன.

நீதி: அளவில் துல்லியம் வேண்டுவோர் முதலில் தீனியில் துல்லியம் பழகுக.