தரை இன்னும் முடிவாகவில்லை

அனுப்புநர்: எடையளவு ஆய்வாளர் (ஓய்வு), அதாவது உன் கணவன்.
பெறுநர்: இல்லத்தலைவி அவர்கள், தற்போது முகாம்: மகள் வீடு.
பொருள்: வீட்டுத் தரை – பொருள் தேர்வு செய்தல் – தாமதம் – விளக்கம் அளித்தல்.
பார்வை: புறப்படும்போது வாசலில் நின்று நீ இட்ட வாய்மொழி உத்தரவு.

அன்புள்ள மனைவிக்கு,

இங்கு நான் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கு நீ நலமா என்று கேட்பதும் முறைதான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டேனே, ரொம்பவே நலமாகத்தான் இருக்கிறாய். அதுதான் எனக்குக் கவலை. போனில் சொல்ல வேண்டியதை ஏன் இந்த மனிதர் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நீ கேட்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "இருங்க இருங்க, குட்டி பேசணுமாம்" என்று இரட்டையரில் ஒருத்தியிடம் கொடுத்துவிடுகிறாய். அவள் பேசுவதில்லை, போனைக் கடிக்கிறாள். பதினான்கு மாதமாக நம் குடும்ப விஷயங்களையெல்லாம் நான் பேத்தியின் எச்சிலிடம்தான் சொல்லி வருகிறேன். இந்தக் கடிதத்தையும் கடிக்கக் கொடுப்பதென்றால் படித்துவிட்டுக் கொடு.

முதலில் மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். அப்புறம் குழந்தைகளுக்குத் தலை நிற்கட்டும் என்றாய், நின்றது. குப்புற விழட்டும் என்றாய்; இரண்டும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாரத்தில் விழுந்தன. பல் முளைக்கட்டும் என்றாய். ஆளுக்கு ஆறு பல். இப்போது நடக்கட்டும் என்கிறாய். நான் குறை சொல்லவில்லை. நடந்த பிறகு ஓடும், ஓடிய பிறகு பள்ளிக்கூடம் போகும், அப்புறம் அவர்களுக்கும் ஒரு கல்யாணம் என்று வரும் என்பது மட்டும் என் கணக்கில் இருக்கிறது. இதற்கு நடுவே ஞாயிறு தவறாமல் ஒரே கேள்வி கேட்கிறாய்: "தரை முடிஞ்சுதா?" நான் "இன்னும் இல்ல" என்கிறேன். "அப்ப அந்தத் தூசில வந்து நான் என்ன பண்ணப்போறேன்? முடிங்க, வர்றேன்" என்கிறாய். ஆகவே தாமதத்துக்கு முழுப் பொறுப்பு தரையினுடையது என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயம். அந்தத் தரையைப் பற்றித்தான் இந்த விளக்கம்.

கையில் பையோடு வாசலில் நின்று நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இந்த சிமெண்ட் தரைல நின்னு நின்னு என் முட்டியே போச்சு. நான் வர்றதுக்குள்ள மாத்திடுங்க. என்ன போடுறதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க." முப்பத்துமூன்று வருடத்தில் 'நீங்களே முடிவு பண்ணுங்க' என்ற சொல் உன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. உன்னை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது தெருமுனை வரைக்கும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தெருமுனை தாண்டியதும் பயம் வந்துவிட்டது. என் சட்டை நிறத்தைக்கூட நான் முடிவு செய்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் கடைக்குப் போனேன். விற்பனையாளர் நல்ல மனிதர், சிரித்த முகம். இரண்டடிக்கு இரண்டடி என்று ஒரு டைலை எடுத்து வைத்தார். எனக்குக் கை சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் குறைந்தது. சொன்னேன். "அது அப்படித்தான் சார், சந்து விட்டு ஒட்டுவாங்க இல்லையா, அதையும் சேத்துத்தான் இரண்டடி" என்றார். சந்து என்பது ஒரு பொருள் இல்லை, பொருள் இல்லாததை அளவில் சேர்ப்பது சட்டப்படி எப்படிச் செல்லும் என்று கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. டைலை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, "மேடம் வரலையா சார்?" என்றார். ஊரில் இல்லை என்றேன். "அப்ப மேடம் வந்ததும் கூட்டிட்டு வாங்க. சாருங்க தனியா வந்து வாங்கிட்டுப் போனா மறுநாளே திருப்பி எடுத்துட்டு வந்துடறாங்க." எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது வருட அனுபவம் அவருக்கு, அதே முப்பது வருட அனுபவம் எனக்கும்.

அதற்கப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் இந்தக் கேள்விதான். "மேடம் வரலையா?" ஐந்தாவது கடையில் அலுத்துப்போய், "பின்னாடி வந்துட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். உடனே இரண்டு நாற்காலி போட்டார்கள். இரண்டு டீ வந்தது. உன் டீக்குச் சர்க்கரை கம்மி என்று நானே சொல்லி மாற்றி வாங்கினேன், என்னை என்னவென்று சொல்வது. அரை மணி நேரம் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ ஆடை கட்டிவிட்டது. அந்தப் பையன்கள், பாவம், வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். உன்னுடையதையும் நானே குடித்துவிட்டு, வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்தேன். இனி அந்தக் கடைக்குப் போக முடியாது.

கடையில் வைத்துப் பார்த்தால் முடிவு வராது என்று பதினொரு மாதிரித் துண்டுகளை வீட்டுக்கே தூக்கி வந்து சமையலறையில் பரப்பினேன். ஒவ்வொன்றின் மேலும் சோப்புத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு நடப்பது சோதனை. ஒன்று முதல் ஆறு வரை பிரச்சினை இல்லை. ஏழாவது, முகம் தெரிகிற பளபளப்பு டைல். அதில் என் முகம் தெரிந்தது ஒரு விநாடிதான். அடுத்த விநாடி அந்த முகம் இருந்த இடத்தில் என் இடுப்பு இருந்தது. அப்படியே வழுக்கிக்கொண்டு போய்க் கதவருகே நின்றேன். எழுந்திருப்பதற்கு முன்னால் டேப்பை நீட்டி அளந்துவிட்டேன். நோட்டில் குறிப்பு இருக்கிறது: 'எண் ஏழு. வழுக்கும் தூரம் ஒன்றேகால் மீட்டர், உட்கார்ந்த நிலையில்.' நான்கு நாள் குப்புறப் படுத்திருந்தேன். போனில் சளி என்று சொன்னேனே, அது இதுதான்.

பளிங்கைப் பார்த்தேன். எலுமிச்சைச்சாறு பட்டால் கறை நிற்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்ததால், கையோடு ஒரு பழத்தைக் கொண்டுபோய்க் கடைக்காரர் பார்க்காத நேரத்தில் பிழிந்தேன், கேள்விப்பட்டது உண்மைதான். வெளியே போகச் சொன்னார்கள், சற்று உரக்கவே. கறுப்பு கிரானைட்டை எதிர்வீட்டுப் பல் டாக்டர் போட்டிருக்கிறார். அங்கே மூக்குக்கண்ணாடியைக் கீழே வைத்தால் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தேட வேண்டும். மரத்தரை ஒன்று பார்த்தேன், அருமையாக இருந்தது, காலுக்கு மெத்து மெத்தென்று. கடைக்காரர், "ஒண்ணே ஒண்ணு சார், ஈரத்துணி மட்டும் போடக்கூடாது" என்றார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, என்மேல் கோபம் இருந்தால் நடுவில் ஒரு தடவை என்று ஈரத்துணி போட்டே தரையைத் தேய்த்தவள் நீ. உன் கையிலிருந்து அந்தத் துணியைப் பிடுங்கும் துணிச்சல் எனக்கு இல்லை. மரத்தரையைக் கைவிட்டேன்.

கடைசியில் விஷயம் தரையின் அழகில் இல்லை, உன் முட்டியில்தான் என்பது புத்திக்கு எட்டியது. ஆகவே முட்டிச் சோதனை. நீ காலையில் அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்பாய்? ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை. அதே மூன்றரை மணி நேரம் நானும் ஒவ்வொரு துண்டின் மேலும், நாளுக்கு ஒன்றாக, நின்று சமைத்துப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டேன். சமையலைப் பற்றி எழுதவில்லை, அது வேறு விசாரணை. முதல் நாள் வழவழப்பு: முட்டி வலி. இரண்டாம் நாள் சொரசொரப்பு: அதே வலி. மூன்றாம் நாள் துண்டு எதுவும் போடாமல் ரப்பர் செருப்போடு நின்றேன்: அதே வலி. பத்து நாள் இப்படி நின்ற பிறகு நோட்டில் முடிவை எழுதினேன். தரையில் குற்றமில்லை. யார் எதன்மேல் மூன்றரை மணி நேரம் நின்றாலும் முட்டி போய்த்தான் தீரும். முப்பத்துமூன்று வருடமாக உன் முட்டியைத் தின்றது சிமெண்ட் இல்லை. வேளைக்கு ஒரு தரம் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நானும் உன் மகளும்தான். ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்துச் சீல் வைத்தவன், வீட்டுத் தராசு ஒரு பக்கமே சாய்ந்து கிடந்ததைப் பார்க்கவில்லை. எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. அன்றே தச்சரிடம் சொல்லி உன் உயரத்துக்கு ஒரு முக்காலி செய்து அடுப்படியில் போட்டேன். நானே இப்போது அதில் உட்கார்ந்துதான் வெங்காயம் நறுக்குகிறேன்.

சரி, எதுவானாலும் ஒன்றைப் போட்டுவிடுவோம் என்று டைல்ஸ் மேஸ்திரியை வரச்சொன்னேன். தெருவில் அவருக்கு 'ரசமட்டம்' என்றுதான் பெயர். நீர்க்குமிழி வைத்த அந்த மட்டக்கட்டையை அவர் டீ கிளாஸ் வைக்கிற மேசைமேல்கூட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை. கூடம், அறை, தாழ்வாரம் எல்லாம் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து கட்டையை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. நகர்த்தி வைத்தார், இந்தப் பக்கம் ஓடியது. "சார், இங்க பள்ளமா இருக்கே. ரெண்டு பள்ளம்" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். அடுப்புக்கு நேர் கீழே, ஒரு பாதம் அளவுக்கு இரண்டு தேய்மானம். வேறு யாரும் அங்கே நின்றதில்லை. அளந்தேன். வலது பக்கம் ஒரு மில்லிமீட்டர், இடது பக்கம் ஒன்றரை. இடது காலைத்தான் நீ அழுத்தி ஊன்றி நிற்பாய் போலிருக்கிறது. இத்தனை வருடம் கூட இருந்தும் இது எனக்குத் தெரியாது பார். மேஸ்திரி, "கொத்தி எடுத்துட்டு சமப்படுத்தி ஒட்டிடலாம்" என்றார். நான் "கொத்தக் கூடாது" என்றேன். "பின்ன?" என்றார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பள்ளங்களை மறித்து நின்றேன். அவர் என்ன நினைத்தாரோ, "சரி சார், கொத்தாம அப்படியே மேலயே ஒட்டலாம், அதுக்கும் பசை இருக்கு. அம்மா வந்ததும் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று கட்டையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஆக, மேற்கண்ட காரணங்களால் தரை இன்னும் முடிவாகவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மேஸ்திரி வரவேண்டும், டைல் வரவேண்டும், நல்ல நிறம் அமையவேண்டும், அப்புறம் ஒரே தூசியாக இருக்கும். நீ இதற்காக அவசரப்பட வேண்டாம். குழந்தைகள் நடக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சாப்பாடு பழகிவிட்டது, தனிமையும் பழகிவிட்டது.

மகளுக்கு என் ஆசி. மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவர் உன் சமையலைப் புகழ்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் எனக்கு உபகாரம். பேத்திகள் இருவரும் எல்லாப் பல்லும் பெற்று நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த
உன் கணவன்

பி.கு.: சோதனைகளெல்லாம் நிஜம். 'ஆக, மேற்கண்ட காரணங்களால்' என்று தொடங்கும் பாராவில் உள்ளது அத்தனையும் பொய். அளவில் ஏமாற்றியவர்களைப் பிடித்தே சம்பளம் வாங்கியவன், நான்கு மாதமாக ஞாயிறு தவறாமல் உன்னை ஏமாற்றி வருகிறேன். தரை போட்டு முடித்து நான்கு மாதம் ஆகிறது, எதையும் கொத்தாமல், உன் பள்ளங்களுக்கு மேலேயே ஒட்டி. தூசி இல்லை, வேலை பாக்கி இல்லை. முடியவில்லை என்று சொல்லும்வரை, தரையால்தான் நீ வரவில்லை என்று நான் நிம்மதியாக இருக்கலாம். முடிந்தது என்று நான் சொல்லி, அதற்குப் பிறகும் நீ "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நான் எந்த மூலையில் போய் உட்காருவேன்? அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை. தனிமையும் பழகவில்லை, சாப்பாடும் பழகவில்லை. டைல் நிறம் உனக்குப் பிடிக்காது. ஒட்டி முடித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. வந்து திட்டு. போனில் திட்டினால் செல்லாது.