நூற்று நாற்பது ‘இல்லை’

“மாப்பிள்ளே, உங்க ஆராய்ச்சியால எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் பேச்சை நிறுத்திட்டாங்க!”

மச்சான் போட்ட சத்தத்தில் பேராசிரியர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

விஷயம் இதுதான். மேலாண்மைக் கல்லூரியில் ஒன்பது வருடமாக ‘தற்காலிக’மாகவே நரைத்துக்கொண்டிருந்த நம் பேராசிரியர், மனைவியின் அண்ணன் மேலாளராக இருக்கும் காப்பீட்டு அலுவலகத்தில் கேள்வித்தாள் கொடுத்து, ‘பணியிடத் தனிமை’ என்றொரு கட்டுரை எழுதியிருந்தார். ‘இங்கே மனம்விட்டுப் பேச உங்களுக்கு யாராவது உண்டா?’ என்ற கேள்விக்கு, பெட்டியில் விழுந்த நூற்று நாற்பது தாள்களும் ‘இல்லை’ என்றன. இத்தனை ஒற்றுமையான துக்கத்தை உலகம் கண்டதில்லை. கட்டுரை நின்றால் வேலை நிரந்தரம். விழுந்தால் மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை ஒரு நிபந்தனை போட்டது. இனி ஆராய்ச்சியில் ஒளிவுமறைவு கூடாதாம். வந்த பதில்களை அப்படியே இணையத்தில் ஊர் பார்க்க வைக்க வேண்டுமாம். வைத்தார். பெயர் கிடையாது. பிரிவும் வயதும் மட்டும்தான். அவற்றை மச்சானே ஊழியர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு தாளிலும் அச்சடித்துக் கொடுத்திருந்தார்.

“பேரே இல்லையே மச்சான்?”

“கணக்குப் பிரிவுல ஐம்பத்தேழு வயசுக்காரர் ஒரே ஒருத்தர்தான். பக்கத்து சீட்டுக்காரரோட இருபது வருஷமா ஒண்ணா உக்காந்து சாப்பிடறவர். ‘அப்ப நான் யாருய்யா உனக்கு? மனுஷனா, நாற்காலியா?’ன்னு பக்கத்து சீட்டுக்காரர் கேக்க, ‘நீ மட்டும் என்ன எழுதியிருக்கே, பார்த்தேனே!’ன்னு இவர் சொல்ல, இப்ப சாப்பாட்டு டப்பா ஆளுக்கொரு மாடியில திறக்குது.”

பேராசிரியர் வயதையும் பிரிவையும் எடுத்துவிட்டார்.

மறுநாள் மச்சான் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசம்.

“முன்னாடி அவனவன் கூட்டாளி வரியை மட்டும் தேடிப் பார்த்தான். இப்ப யாரு வரின்னு தெரியாம எல்லாத்தையும் படிச்சுட்டாங்க மாப்பிள்ளே. எல்லாம் ‘இல்லை’! லிஃப்ட்ல எட்டுப் பேர் போறாங்க, எட்டுப் பேரும் சுவத்தைப் பாக்குறாங்க.”

பேராசிரியர் பக்கத்தையே நீக்கினார். அந்தத் தளமோ பழசு எதையும் மறக்காத ஜாதி. ‘நீக்கப்பட்டது, பழைய பதிப்பு இங்கே’ என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டியது. அதுவரை பார்க்காத காவலாளிகூடப் பார்த்துவிட்டார்.

அடுத்து, அலுவலகத்திலிருந்து முப்பத்தொரு பேர் பத்திரிகைக்கே கடிதம் போட்டார்கள்: ‘நான் அப்படி எழுதவில்லை.’

“அப்ப வேற என்னதான் எழுதினாங்களாம்?” என்றார் பேராசிரியர்.

“அதைக் கேட்டா எல்லாரும் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி முழிக்கிறாங்க.”

குட்டு வெளிப்பட்டதும் மனிதர்கள் மறுப்பார்கள். உளவியலில் அதற்கென்றே மூன்று அத்தியாயம் உண்டு. பேராசிரியர் அவற்றை நினைத்து ஆறுதல் அடைந்தார். பத்திரிகையின் ஆசிரியர் குழு அடையவில்லை. ஒரு வாரத்தில் ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும். என்ன முடிவு வரும் என்பதையும் முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். பிறகு மாற்றக் கூடாது என்றது. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு பதிந்தார்: ‘நூற்று நாற்பதும் இல்லை.’

புதுக் கேள்வித்தாள் கட்டோடு அவர் போய் இறங்கிய அலுவலகத்தில் விசைப்பலகைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஐம்பத்தேழு வயதுக்காரர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டார். நாலு பக்கமும் பார்த்த பேராசிரியருக்குத் தன் முடிவு இனி பொய்க்காது என்று தெரிந்துவிட்டது.

தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

“ஆளாளுக்குக் குடுத்து அலையாதீங்க சார், கட்டை இப்படிக் குடுங்க. போன தடவையும் எல்லாரும் குப்பைக்கூடையில போட்டதைப் பொறுக்கி, ஒண்ணு விடாம டிக் அடிச்சுப் பெட்டியில போட்டது நான்தான். இருபத்தாறு வருஷத்துல, பேச யாராவது இருக்காங்களான்னு என்னைக் கேட்டது அந்தத் தாள் ஒண்ணுதானே சார்?”