கியர் பாக்ஸ் கப்பலில் வருகிறது

வெள்ளிக்கிழமை காலை பல் விளக்கும்போதே லிஃப்ட்காரர் சபதம் எடுத்துவிட்டார். இன்றைக்குள் காருக்கு இன்சூரன்ஸ் வாங்கிவிட வேண்டும். அது பெரிய காரியமில்லை. மனைவிக்குத் தெரியாமல் வாங்க வேண்டும். அதுதான் காரியம்.

ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்ப்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஊரையே மேலே ஏற்றிவிடும் மனிதர், ஆறு மாதமாகத் தான் மட்டும் பஸ் படியில் தொங்கிக்கொண்டு போனார். செல்போனில் பேசியபடி கார் ஓட்டி மூன்றாம் தடவையாக மாட்டிக்கொண்டதில், அவர் லைசென்ஸை ஆறு மாதம் முடக்கிவிட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியும் உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று கையை உதறிவிட்டது.

இதைப் போய் வீட்டில் எப்படிச் சொல்வது? "நானும் கார் ஓட்டக் கத்துக்கறேங்க" என்று அவள் கேட்டபோதெல்லாம், "அதுக்கு நிதானம் வேணும்மா, உனக்கு வராது" என்று மீசையை முறுக்கியவர் அல்லவா? இத்தனைக்கும் வண்டி அவள் பேரில்தான் இருந்தது. ராசிக்கு அவள் பேர், ஓட்டுவதற்கு இவர் என்று ஏற்பாடு.

அதனால் ஒரு பொய்யைக் கட்டினார். "கியர் பாக்ஸ் போச்சு. சாமான் வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வரணும்."

கப்பல் ஆறு மாதமாக வந்துகொண்டே இருந்தது. "இப்ப எங்கேங்க வருது?" என்று சோறு போடும்போது கேட்பாள். "நடுக்கடல்ல" என்பார். "பாவம், மெதுவா வரட்டும்" என்பாள். நல்லவேளை, விவரம் தெரியாதவள் என்று ஒரு கவளம் கூடச் சாப்பிடுவார்.

இந்த வாரம் லைசென்ஸ் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. கூடவே நேற்று முதலாளி கூப்பிட்டார். "திங்கட்கிழமைலேருந்து நீ சூப்பர்வைசர். சொந்த வண்டியில சுத்தணும். நாளைக்குள்ள லைசென்ஸ், இன்சூரன்ஸ் ரெண்டையும் காட்டு. இல்லேன்னா வேலை அடுத்த ஆளுக்கு."

சரியாகப் பதினொரு மணிக்கு மனைவி பாலர் பள்ளியிலிருந்து மகளை அழைத்து வரக் கிளம்புவாள். நடந்து போய் வர ஒரு மணி நேரம். அதற்குள் ஆளை வரவழைத்து, வண்டியைக் காட்டி, கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம். வேலையிலிருந்து நைசாக நழுவி, பதினொன்றே காலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இன்சூரன்ஸ்காரர் தோல்பையும் சிரிப்புமாக வந்தார். விண்ணப்பத்தை விரித்தார்.

"லைசென்ஸ் எதுக்கு முடங்குச்சு சார்?"

லிஃப்ட்காரர் சன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். "போன் பேசிக்கிட்டே ஓட்டினேன்."

"யார்கிட்ட?"

"வீட்டுக்காரிகிட்ட."

"என்ன பேசினீங்க?"

"'கவலைப்படாத, நான் நிதானமாத்தான் ஓட்டறேன்'னு."

இன்சூரன்ஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார். "வண்டி எத்தனை மாசமா ஓடல?"

"ஆறு மாசம். ஒரு அடி நகரல. போர்த்தினது போர்த்தினபடி இருக்கு, வாங்க!"

வீட்டுப் பக்கவாட்டில் சாம்பல் நிற உறைக்குள் கார் புடைத்துக்கொண்டு நின்றது. லிஃப்ட்காரர் உறையின் நுனியைப் பிடித்து, மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் காட்டுகிற பெருமையோடு ஒரே இழுப்பு இழுத்தார்.

முன்னால் கவிழ்த்து வைத்த இரண்டு வாளி. நடுவில் பழைய கட்டில். அதன்மேல் துணிக்கூடை. பின்னால் ஒரு தண்ணீர் டிரம்.

இன்சூரன்ஸ்காரர் சுற்றி வந்து பார்த்தார். "சார், கட்டிலுக்கு எங்க கம்பெனியில இன்சூரன்ஸ் கிடையாது."

"ஐயோ! வண்டி திருட்டுப் போயிடுச்சே!" என்று லிஃப்ட்காரர் தலையில் கை வைத்தபோது வாசலில் ஹாரன் கேட்டது. அவருடைய கார்தான். ஓட்டுகிற இடத்தில் அவருடைய மனைவி. பின்சீட்டில் நாலரை வயது மகள். வண்டி சுவருக்கும் மரத்துக்கும் நடுவே பின்பக்கமாக வந்து, ஒரே திருப்பில், எலுமிச்சம்பழம்கூட நசுங்காமல் நின்றது. அந்த இடத்தில் நிறுத்த லிஃப்ட்காரருக்கு எப்போதும் நாலு தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும்.

"அட, மேடம்! நீங்களா?" இன்சூரன்ஸ்காரர் கும்பிட்டார். "சார், மேடம் ஆபீசுக்கு வந்தப்ப இந்த வண்டிக்கு நான்தானே பாலிசி போட்டேன், மூணு மாசம் முன்னாடி!"

லிஃப்ட்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "கியர் பாக்ஸ் உடைஞ்ச வண்டிய எப்படிடி ஓட்டின?"

"அது உங்களுக்குத்தாங்க உடைஞ்சிருந்துது. எனக்கு நல்லாத்தான் இருந்துது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போலீஸ்காரர் பிடிச்சப்பவே. நீங்கதான் போனைக் கட் பண்ணவே இல்லையே. 'ஐயா, சாமி, இது மூணாவது தடவைதான்யா'ன்னு கெஞ்சினீங்களே, முழுசாக் கேட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"அவ்வளவு அழகா ஒரு பொய்யைக் கட்டி வச்சிருந்தீங்க. இடிக்க மனசு வரல. நீங்க ஏழு மணிக்குப் பஸ் ஏறுவீங்க. நான் எட்டு மணிக்கு டிரைவிங் ஸ்கூல் போவேன். ரெண்டு மாசத்துல லைசென்ஸ், மூணாவது மாசம் இன்சூரன்ஸ்."

"இந்தக் கட்டில்?"

"வண்டி இல்லாததைப் பக்கத்து வீட்டு மாமா சுவருக்கு மேல எட்டிப் பார்த்து உங்ககிட்ட வத்தி வச்சிட்டா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. 'அம்மாகூடக் கார்ல போனேன்ப்பா' என்று மகள் தினமும் சொன்னாள். குழந்தை கனவு கண்டிருக்கிறது என்று அவர்தான் தட்டிக் கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்.

"சார்," இன்சூரன்ஸ்காரர் தொண்டையைச் செருமினார். "முடங்கின லைசென்ஸுக்குத் தனியா பாலிசி எடுத்தா மூணு மடங்கு ஆகும். மேடம் பாலிசியிலேயே ரெண்டாவது டிரைவரா உங்களைச் சேர்த்துடலாம். கொஞ்சம்தான் கூடும். இன்னிக்கே காகிதம் தர்றேன். முதல் டிரைவர் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

முதல் டிரைவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் வேலை அவள் பேனா முனையில் ஊசலாடியது.

"இந்தாம்மா," என்றார் லிஃப்ட்காரர், வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலில் தேன் தடவி. "நிதானம் உனக்குத்தான் வரும். நான் சொன்னது தப்பு."

"இன்னொரு தடவை சொல்லுங்க. இன்சூரன்ஸ் சார் கேட்கல."

சத்தமாகச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமாவுக்கும் கேட்டிருக்கும். அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். இன்சூரன்ஸ்காரர் முத்திரை குத்தினார். ஆனால் சாவி அவள் விரலிலேயே தொங்கியது.

"தெருவை ஒரு சுத்துச் சுத்திக் காட்டுங்க. அப்புறம் உங்களுக்குத்தான்."

ஆறு மாதத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் அவள். பின்னால் மகள். கிளம்பும்போதே வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றது.

"பதறாதீங்க. கிளட்ச்சை மெதுவா விடுங்க. கண்ணாடியைப் பாருங்க. ஆங், அப்படித்தான்."

கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள். அதனாலோ என்னவோ, முக்குத் திரும்பியதும் கை பழைய பழக்கத்துக்கு வந்துவிட்டது. தெருவில் வெயில் பளிச்சென்று அடித்தது. திங்கட்கிழமை கண்ணெதிரே தெரிந்தது. பாலம் வரை போய், திரும்பி, வாசலில் அலுங்காமல் நிறுத்தினார். "எப்படி?" என்று மீசையில் கை வைத்தார்.

பின்சீட்டிலிருந்து கைதட்டல் கேட்டது.

"அம்மா, சூப்பர்ம்மா! அப்பாவுக்குக்கூடக் கார் ஓட்டக் கத்துக் குடுத்துட்டியே!"