தக்காளிப் பாத்திக்குப் போன கொசுவலை

டொராண்டோ,
நவம்பர் மாதம், பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது.

மதிப்பிற்குரிய பெரிய நாத்தனார் அடுவா அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி யாவின் மனைவி செர்வா வணக்கத்துடன் எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். இதை நான் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. அங்கே நீங்கள், உங்கள் முழங்கால், கோழிகள், முக்கியமாகத் தக்காளிச் செடிகள் எல்லாம் சௌக்கியம் என்று நம்புகிறேன். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, அப்புறம்தான் வந்த விஷயம் என்ன என்று கேட்பது நம் வழக்கம். கடிதத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. ஆகவே நானே ஒரு டம்ளர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன்; அது நம் இருவருக்கும் பழகிவிட்டது.

மாமாவின் வருஷ நினைவுக்கு உங்கள் தம்பியை அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் வருவார். தாய்மாமன் காரியத்துக்குப் போகாதே என்று சொல்ல நான் யார்? ஆனால் போன தடவை போல முழு ஆளாக அனுப்பிவிட்டுப் பாதி ஆளைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை. நடந்ததை நீங்கள் நம் மாம்பொங் ஊர் முழுக்க "தம்பிக்கு அந்தக் குளிர் ஒத்துக்கலை" என்று சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். குளிர் இல்லை அண்ணி. மலேரியா. உங்கள் வீட்டு முற்றத்தில், மாமாவின் சாவுக்கு உட்கார்ந்திருந்தபோது ஏறிய மலேரியா.

முதலில் வலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தேடிப் பிடித்து வாங்கி, அவர் பெட்டியில் சட்டைகளுக்கு மேலே மடித்து வைத்த கொசுவலை அது. அவர் அதைப் பிரித்துக் கட்டப் போனபோது நீங்கள், "ஏண்டா, நீ பொறந்த ஊரு கொசு உன்னைக் கடிக்கக் கூடாதா? வெள்ளைக்காரன் ஆயிட்டியா?" என்று கேட்டீர்களாம். சாவுக்கு வந்த கூட்டம் அத்தனையும் சிரித்ததாம். அதற்கப்புறம் எந்த ஆண்பிள்ளை வலைக்குள் படுப்பான்? வலை எங்கே போனது என்று எனக்கு நீங்களே தெரியப்படுத்தினீர்கள். சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி போர்த்திக்கொண்டு அவர் நிற்கிற போட்டோ ஒன்றை அனுப்பினீர்களே, அதில் அவருக்குப் பின்னால், கோழி கொத்தாமல் இருக்க உங்கள் தக்காளிப் பாத்திக்கு மேலே கட்டியிருந்தது என் வலை. நல்ல வலை. தக்காளிக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்து கொஞ்ச நாளில் அவருக்குக் குளிர் நடுக்கம் கண்டது. வெளியே பனி முழங்கால் உயரம், உள்ளே இவர் மூன்று கம்பளிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மலேரியாவா இருந்தா என்ன? எனக்கும் அதுக்கும் சின்ன வயசுப் பழக்கம். வரும், ரெண்டு நாள் தங்கும், போயிடும்" என்கிறார், ஏதோ சொந்தக்காரர் வந்து தங்குகிற மாதிரி. நீங்களோ போனில் வேப்பிலை வேது பிடிக்கச் சொன்னீர்கள். நான் வேப்பிலைக்கு ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் ஒரு இந்தியக் கடையில், சாமிக்கா அம்மைக்கா என்று கேட்ட அந்தம்மாவுக்கு, "நாத்தனாருக்கு" என்று பதில் சொல்லி வாங்கி வந்தேன். பெரிய பானையில் கொதிக்கவைத்து, அவர் தலைமேல் போர்வையைப் போட்டு மூடியதும் எழும்பிய ஆவியில் கூரையிலிருந்த தீ எச்சரிக்கை மணி அலறி, கட்டடம் முழுக்க இறங்கிப் பனியில் நின்று, தீயணைப்பு வண்டியும் வந்து சேர்ந்தது. வந்த அதிகாரி பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சமையல் இது?" என்று கேட்டார். பானைக்கு மேலே போர்வைக்குள் இருந்தபடியே உங்கள் தம்பி அவருக்கு வணக்கம் சொன்னார்.

அதற்கப்புறம்தான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அந்த டாக்டர் பாவம், கேட்க வேண்டியதைக் கேட்டார். "சமீபத்துல எங்கேயாவது பயணம் போனீங்களா?" இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பயணமா? ஊர் சுத்தற ஆளா நான்? எங்க மாமா செத்துட்டாரு, சாவுக்குப் போயிட்டு வந்தேன்." டாக்டர் எழுந்து நின்று இவர் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். சாவு எந்த ஊரில் என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, துக்கமும் குளிர்காலக் காய்ச்சலும் சேர்ந்து வாட்டுகிறது, நன்றாகத் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். இவர் என் காலை மிதித்தார். மலேரியாவைத் தடுக்க நான் கொடுத்தனுப்பிய மாத்திரைகளைப் பற்றி ஊரிலிருந்து தினமும் போனில் "மாத்திரை போட்டாச்சு, போட்டாச்சு" என்று அவர் சொன்னதை நம்பி நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள் அண்ணி. அவர் கண் மஞ்சளாகிவிட்டது. கழிவறையில் பார்த்தது நாத்தனாருக்கு எழுதக்கூடிய விஷயம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்: அது நாம் கல்யாணத்தில் கொடுக்கிற கருஞ்சிவப்புச் சோபோலோ பானத்தின் நிறம். சாயங்காலம் அவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து பஸ் ஓட்ட ஆரம்பித்தார். பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு கையாலும் வளைத்து வளைத்து ஓட்டுகிறார். என்னைப் பார்த்து, "அம்மா, கதவுகிட்ட நிக்காதீங்க, உள்ளே நகருங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். "யாவ், நான் செர்வா" என்றேன். "யாரா இருந்தாலும் உள்ளே நகருங்க" என்றார். அவருக்கு என்னைத் தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, போர்த்த ஏதாவது கனமாக எடுக்கலாம் என்று அந்தத் துக்கத் துணியை உருவினேன். அதன் மடிப்பிலிருந்து மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை, வாங்கிக் கொடுத்தபடியே இருந்தன. ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை, கத்தவில்லை, அந்த அட்டைகளை டாக்டரம்மா முன்னால் வைத்து, "கானாவிலேருந்து வந்தாரு. இதுல ஒண்ணைக்கூட முழுங்கலை" என்றேன். அந்தம்மா ஓடினார். டாக்டர் ஓடினால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

கிருமி ரத்தமெல்லாம் நிறைந்து, மூளையைத் தொட்டு, சிறுநீரகத்தை நிறுத்திவிட்டது. நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தை ஒரு இயந்திரம் வெளியே எடுத்துக் கழுவிக் கழுவி உள்ளே அனுப்பியது. பிழைப்பாரா என்று கேட்டேன். டாக்டரம்மா இயந்திரத்தைச் சரிபார்க்கத் திரும்பினார். நான் உங்கள் தம்பியின் காதருகே குனிந்து, "யாவ், நீ செத்தா அந்தச் சாவுக்கு நான் வரமாட்டேன்" என்று சொன்னேன். நம் ஜனங்களில் ஒருத்தர் இன்னொருத்தருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது என்று உங்களுக்கே தெரியும். மறுநாளும் அதையேதான் சொன்னேன். அதற்கடுத்த நாள் கண்ணைத் திறந்தவர், என்னைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை: "ஏன் வரமாட்டே?"

தேறி வந்தபோது டாக்டரம்மா அவருக்கு விளக்கினார். "சின்ன வயசுல இருந்த எதிர்ப்பெல்லாம் இத்தனை வருஷத்துல கரைஞ்சு போச்சு. மலேரியாவுக்கு நீங்க இப்ப புது ஆளு." ஊசியெல்லாம் தாங்கியவர் இதைத் தாங்கவில்லை. தன்னை ஊர் மறந்தாலும் பரவாயில்லை, ஊர்க் கொசு மறந்துவிட்டதே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நரம்பில் ஏற்றிய அந்த மருந்துக்குப் பிறகு வாரக்கணக்கில் ரத்த அணுக்கள் உடையலாம் என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். இன்றைக்கும் படியேறினால் பாதியில் நின்று, ஜன்னலை ரசிப்பது போல நடிக்கிறார்.

ஆகவே இந்தத் தடவை நானும் வருகிறேன். மாத்திரையை அவர் தினமும் சாப்பாட்டோடு, எல்லோரும் பார்க்க, என் முன்னால் விழுங்குவார். டொராண்டோ திரும்பின பிறகும் டாக்டர் சொன்ன காலம் வரை விழுங்குவார். வலையை நானே கட்டுவேன். கட்டிலில் இடமில்லை என்றால் முற்றத்து நடுவில், மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் கட்டுவேன். அவரை யாராவது வெள்ளைக்காரன் என்று ஒரு வார்த்தை சொன்னால், காரியத்துக்கு மொய் அறிவிக்கிற மைக்கை வாங்கி, அவருக்கு என்ன நிறத்தில் போனது என்பது வரை நானே அறிவிப்பேன். நான் சொன்னால் செய்வேன் என்று உங்கள் தம்பியைக் கேளுங்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணி, மறைக்க மாட்டேன். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் சாப்பிடாமல் தேவாலயத்திலேயே கிடந்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதையும் நான் மறக்கவில்லை.

பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் முழங்காலுக்குத் தைலம் கொண்டு வருகிறேன். மாமாவின் ஆத்மா நம் எல்லோரையும் காத்து, யாரும் அவசரப்பட்டு அவரிடம் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் மரியாதையுள்ள,
செர்வா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தம்பி பெட்டியைச் சரிபார்த்துவிட்டு, "செர்வா, இது ஒரு ஆளுக்குத்தானே இருக்கு, உன் மாத்திரை எங்கே?" என்று கேட்டார். "எனக்கெதுக்கு? நான் பன்டாமாவில சாக்கடை ஓரத்துல வளர்ந்தவ. எனக்கும் மலேரியாவுக்கும் சின்ன வயசுப் பழக்கம்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, பயணக்காரர்களுக்கு மருந்து எழுதித் தரும் கிளினிக் மூடுவதற்குள் எனக்கு நேரம் வாங்கி வருவதாகச் சொல்லி, இந்தப் பனியில் கிளம்பிவிட்டார். வாசலில் நின்று, "நீ செத்தா அந்தச் சாவுக்கு நானும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே அண்ணி, தயவுசெய்து தக்காளிப் பாத்தியில் இருக்கிற அந்தப் பழைய வலையையும் அவிழ்த்துத் துவைத்து வையுங்கள். எனக்கும் ஒன்று வேண்டும்.